முதல் ஐந்து நாள்: திருச்சியில் ஏறி ஹாட்யாய் சேரும் வரை

கேள்வி இதுதான். அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருவர், வயது இருபத்தாறு, முதல் வெளிநாட்டுப் பயணம். கையில் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய், நாற்பது நாள், முதுகில் ஒரு பை. தைப்பூசம் கழிந்து கிளம்பி தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் பார்த்துவிட்டு வரவேண்டும். சென்னையில் நள்ளிரவு விமானம் ஏறி விடிகாலை பாங்காக்கில் இறங்கி, அன்றைக்கே அரண்மனை, மறுநாள் அயுத்தயா, மூன்றாம் நாள் இரவுப் பேருந்தில் சியாங் மாய் என்று திட்டம் போட்டிருக்கிறார். இது சரியா, காசு எங்கே அடிபடும், எல்லாவற்றையும் இங்கிருந்தே புக் பண்ணிவிடலாமா என்று கேட்கிறார்.

தம்பி, ஊர்களின் தேர்வில் குறை ஒன்றும் இல்லை. முதல் மூன்று நாளில் உங்களுக்குத் தூக்கம் என்பதே இல்லை, அதுதான் குறை. இந்த மாதிரிப் பயணத்தில் காசு போவது ஆடம்பரத்தால் அல்ல, அசதியால். அசந்துபோனவன் பேரம் பேசமாட்டான், பேருந்து நிறுத்தம் எங்கே என்று கேட்க மாட்டான், முதலில் வந்து நிற்கிற டாக்ஸியில் ஏறிவிடுவான். எனக்கு 2016-ல் அப்படித்தான் நடந்தது. கோலாலம்பூரில் காலை ஆறு மணிக்கு இறங்கினேன். நம் ஊரை விட அங்கே மணி இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது, ஆக உடம்புக்கு அப்போது ராத்திரி மூன்றரை. வெளியே வந்ததும் ஒருவர் பையை வாங்கிக்கொண்டார், நூற்றைம்பது ரிங்கிட் என்றார், சரி என்று ஏறிவிட்டேன். பேருந்தில் போயிருந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது. விடுதியில் போய் நின்றால், அறை மதியம் இரண்டு மணிக்குத்தான் என்றார்கள். அதுவரை உட்கார்ந்திருக்கத் தெம்பில்லாமல் பக்கத்துத் தெருவில் இன்னொரு அறை எடுத்துப் படுத்தேன். சாயங்காலம் எழுந்து, ராத்திரி முழுக்க விழித்திருந்து, மறுநாள் தூக்கக் கலக்கத்தில் போனைப் பேருந்து இருக்கையிலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். இரண்டு நாளில் போன காசு பத்து நாள் சாப்பாட்டுக்குத் தாங்கியிருக்கும்.

அதனால் நான் சொல்வது, பாங்காக்கில் தொடங்க வேண்டாம். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போங்கள், அங்கே இரண்டு ராத்திரி, பினாங்கில் இரண்டு ராத்திரி, ஐந்தாம் நாள் ரயிலில் எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹாட்யாய். மலேசியாவில் இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து முப்பது நாள் வரை விசா வேண்டாம். அங்கே பேச்சுக்கும் சோற்றுக்கும் நமக்குத் தட்டுப்பாடு இல்லை. வெளிநாட்டில் ஒரு படுக்கையைப் பிடிப்பது, ரயில் அட்டை வாங்குவது, ஏடிஎம்மில் காசு எடுப்பது எல்லாவற்றையும் மொழி புரிகிற ஊரில் ஒருமுறை செய்து பழகிவிட்டால், மொழி புரியாத ஊரில் கை தானாக வேலை செய்யும். மலேசியா உங்கள் பட்டியலில் இல்லை என்று தெரியும். ஆனாலும் இந்த ஐந்து நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து கிளம்புவதைப் பற்றி. காலை ஆறு மணிக்குத் திருநெல்வேலியில் கிளம்புகிற வந்தே பாரத், நாலு மணி நேரத்தில் திருச்சியில் விட்டுவிடும். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்திலிருந்து பஸ். எதில் போனாலும் பகலிலேயே திருச்சி சேர்ந்து, குளித்து, சாப்பிட்டு, முடிந்தால் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு விமான நிலையம் போங்கள். கடைசி பஸ்ஸில் அரக்கப்பரக்க வந்து ஏறினால் அசதி அங்கேயே தொடங்கிவிடும்.

பை ஏழு கிலோ. மலிவு விமானங்களில் கைப்பைக்கு அவ்வளவுதான், அதற்கு மேல் போனால் கவுண்டரில் கேட்கிற காசில் இன்னொரு டிக்கெட்டே எடுத்துவிடலாம். தெரு முனைப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். மூன்று சட்டை, இரண்டு கால்சட்டை போதும், மலேசியாவின் வெயில் நமக்குப் புதிதல்ல, புழுக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதல். கடைகளில் விற்கிற விலையுயர்ந்த பயணத் துண்டு எதுவும் வாங்காதீர்கள். வீட்டில் இருக்கிற ஈரிழைத் துண்டு ஒன்றும், பழகிய சாரம், அதாவது கைலி, ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். துண்டு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். சாரம் குளிக்க, போர்த்த, பொதுப் படுக்கை அறையில் கீழ்க்கட்டிலுக்குத் திரை கட்ட, கோயிலுக்குள் காலை மறைக்க, எல்லாவற்றுக்கும் ஆகும். மலேசியாவிலும் அதை சாரோங் என்றுதான் கட்டுகிறார்கள், கட்டிக்கொண்டு தெருவில் டீ குடிக்கப் போனாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்கவேண்டும். ஊறுகாய் கைப்பையில் வைத்தால் எடுத்துவிடுவார்கள். பருப்புப்பொடி ஒரு பொட்டலம் போதும். இரண்டு சின்னப் பூட்டு, காதடைப்பான், ஓஆர்எஸ் பாக்கெட் நாலைந்து.

அப்புறம் காகிதம். பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் காலம் இருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே பாருங்கள். பத்தாம் வகுப்பு முடித்த சான்று கொடுக்காமல் பாஸ்போர்ட் எடுத்திருந்தால் அதில் ஈசிஆர் என்று போட்டிருக்கும், சில நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி வேண்டும் என்று அதற்கு அர்த்தம். மலேசியாவும் தாய்லாந்தும் அப்படிப்பட்ட பதினெட்டு நாட்டுப் பட்டியலில் இருப்பதால், அந்தப் பாஸ்போர்ட்டோடு போகிறவர்களைத் திருச்சியிலேயே துருவித் துருவிக் கேட்பார்கள். நீங்கள் டிப்ளமோ முடித்தவர், உங்களுக்கு அது வராது, இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆனால் எந்தப் பாஸ்போர்ட் என்றாலும் முதல் தடவை தனியாகப் போகிற இளவட்டங்களிடம் கேள்வி வரும். அதற்குக் காரணம் உண்டு. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஆசை காட்டி அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்து, இணைய மோசடி செய்ய வைத்த கும்பல்களிடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் சிக்கினார்கள், 2022-ல் மீட்டுக் கொண்டுவந்தார்கள். அதிகாரி கேட்டால் கோபப்படாமல் சுற்றுலா என்று சொல்லி, திரும்பி வரும் டிக்கெட், முதல் விடுதியின் புக்கிங், பணத்துக்கான கணக்கு எல்லாவற்றையும் அச்சடித்த தாளில் காட்டுங்கள், போனில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். வழியில் யாராவது பழகி, மியாவாடிக்கு எதிரே தாய்லாந்து எல்லையில் இருக்கிற மே சாட் பக்கம் நல்ல வேலை இருக்கிறது என்று பேச்செடுத்தால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

மலேசியாவுக்கு இறங்கும் முன் மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். தாய்லாந்துக்கும் 2025 மே முதல் அதேபோல் ஒன்று இருக்கிறது, தரைவழியாகப் போனாலும் வேண்டும். இரண்டும் இலவசம். காசு கேட்கிற தளம் வந்தால் அது அரசாங்கத் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

பணத்தில் மூன்று விஷயம். ஊரிலேயே ஐந்நூறு ரிங்கிட் மாற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ரிங்கிட் இருபது ரூபாய்க்கு மேலே என்று மனதில் கணக்கு வையுங்கள். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன்பே ஆப்பில் திறந்துவிடுங்கள், ஓடிபி வருகிற நம் ஊர் சிம்மில் ரோமிங்கும் திறந்திருக்க வேண்டும், இது இல்லாமல் போய்த் தவித்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஏடிஎம்மில் எடுக்கும்போது, ரூபாயாக மாற்றிக் கணக்குப் போடட்டுமா என்று திரையில் கேட்கும், வேண்டாம் என்று அமுக்குங்கள், அவர்கள் சொல்கிற மாற்று விலை எப்போதும் நமக்கு நஷ்டம். தாய்லாந்தில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு தடவையும் அறுநூறு ரூபாய்ப் பக்கமோ அதற்கு மேலோ பிடித்துக்கொள்கிறார்கள். அங்கே ஐந்நூறு பாட், ஆயிரம் பாட் என்று சில்லறையாக எடுக்காமல் ஒரே தடவையில் கூடுதலாக எடுங்கள். தெருக்கடையில் ஜிபே எடுபடும் என்று நம்பிப் போகாதீர்கள்.

இனி இறங்குகிற நாள். இந்தப் பதிலில் ஒரே ஒரு யோசனையை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: விடுதியை முந்தின நாள் ராத்திரியிலிருந்தே புக் பண்ணுங்கள். பொதுப் படுக்கைக்கு நாற்பது, ஐம்பது ரிங்கிட் கூடுதலாகப் போகும், ஆனால் காலை எட்டு மணிக்குப் போய் நேராகப் படுத்துவிடலாம். காலையில்தான் வருவேன் என்று ஒரு செய்தி அனுப்பிவையுங்கள், இல்லாவிட்டால் வராதவன் என்று கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். விமான நிலையத்தில் இருந்து வேக ரயில் 55 ரிங்கிட், அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. பேருந்து பதினைந்து ரிங்கிட் பக்கம், ஒரு மணி நேரம். இரண்டும் கே.எல். சென்ட்ரல் என்கிற கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையத்தில்தான் விடும். பேருந்தில் போங்கள், வழி நெடுக எண்ணெய்ப் பனைத் தோட்டம் பார்த்துக்கொண்டே போகலாம். கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடக்கிற தூரத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ், அங்கேயே தங்குங்கள். பூக்கடையும் புடவைக்கடையும் வாழையிலைச் சாப்பாடுமாக, திருநெல்வேலி டவுண் ரதவீதியில் நடக்கிற மாதிரி இருக்கும். நான்கு மணி நேரம் தூங்கி, குளித்து, சாயங்காலம் காலாற நடந்துவிட்டு, அங்கத்திய நேரம் பத்து மணிக்குப் படுங்கள். முதல் நாளுக்கு வேறு வேலை வேண்டாம். இரட்டைக் கோபுரம் எங்கும் போய்விடாது.

சாப்பாட்டுக்கு மாமாக் கடை. தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற கடைகளுக்கு அங்கே அந்தப் பெயர், பல கடைகள் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும். நான் அந்த முதல் பயணத்தில் போனைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்தது அப்படி ஒரு கடையில்தான். டீ போடுகிறவர் தகரக் குவளையைத் தலைக்கு மேல் தூக்கி, மற்றதை இடுப்புக்குக் கீழே பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் ஆற்றிக்கொண்டிருந்தார். பால் கயிறு மாதிரி இறங்கி, கண்ணாடித் தம்ளரில் நுரை இரண்டு விரல் உயரத்துக்கு நின்றது. என் பேச்சைக் கேட்டுவிட்டு, "எந்தூரு தம்பி?" என்றார். திருநெல்வேலிப் பக்கம் என்றேன். "எங்க வாப்பாவுக்குக் கடையநல்லூரு" என்றார், பிறந்தது வளர்ந்தது எல்லாம் அங்கேதான், கடையநல்லூரை இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறார், ஆனால் பேச்சில் அந்த ராகம் அப்படியே இருந்தது. போன் போன கதையைச் சொன்னேன். முதலில் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படு, நாளைக்குக் காலையில் சிம் வாங்கித் தருகிறேன் என்றார், மறுநாள் கடைக்கு நேரே கூட்டிப்போய் வாங்கியும் தந்தார். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் ஒரு தலைமுறை இரண்டு தலைமுறை அல்ல. 1926-லிருந்து 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஏறிப்போனவர் யாராவது ஒருவரை அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ரொட்டி சானாய் இரண்டு, மூன்று ரிங்கிட்டுக்குள், சால்னாவோடு வரும். டீ தித்திப்பு தாங்காது, "கூராங் மானிஸ்" என்றால் சீனி குறைப்பார்கள், "தே ஓ" என்றால் கடுங்காப்பி மாதிரி பால் இல்லாத டீ. விலை கேட்க "பெராப்பா", நன்றிக்கு "தெரிமா காசே". மாமாக் கடையில் "அண்ணே" என்று கூப்பிட்டால் போதும், மலாய்க்காரரும் சீனரும்கூட அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

இரண்டாம் நாள் காலை பத்துமலை. கே.எல். சென்ட்ரலில் இருந்து கொம்யூட்டர் ரயில் நேராக மலையடிவாரத்தில் விடுகிறது, கட்டணம் மூன்று ரிங்கிட்டுக்குள். திருச்செந்தூர் முருகனைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த 42.7 மீட்டர் முருகனை முதன்முதலில் அண்ணாந்து பார்ப்பது வேறு மாதிரி இருக்கும். சிலை 2006-ல் திறந்தது, தைப்பூசம் அங்கே 1892-லிருந்தே நடக்கிறது. 272 படி, வெயில் ஏறும் முன் ஏறிவிடுங்கள். குரங்குக்குக் குற்றாலத்தில் எப்படிப் பையைப் பிடித்துக்கொள்வீர்களோ அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்தை ஒட்டி மட்டும் போகாதீர்கள், ஊரே நிரம்பி வழியும், படுக்கை கிடைக்காது. பூசம் கழிந்து ஒரு வாரம் விட்டுக் கிளம்புவது நல்லது.

மூன்றாம் நாள் ரயிலில் பட்டர்வொர்த், நாலு மணி நேரத்துக்குச் சற்று மேலே, நிலையத்தில் இருந்தே நடந்து போய்ப் படகு ஏறலாம், இரண்டு ரிங்கிட்டுக்கு பினாங்கு. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவைச் சுற்றித்தான் மலிவு விடுதிகள். சூலியா என்பது அந்தக் காலத்தில் நம் தமிழ் முஸ்லிம்களைக் குறித்த பெயர். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், குயீன் தெருவில் 1833-ல் எழுந்த மாரியம்மன் கோயிலும், சீனர்களின் கோயிலும் பத்து நிமிட நடைக்குள் இருக்கின்றன. 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர். இங்கே இரண்டு ராத்திரி இருங்கள், துணி துவையுங்கள், காலில் செருப்புக் கடித்திருந்தால் ஆறவிடுங்கள், அடுத்த வாரக் கணக்கைப் போடுங்கள். நாசி கந்தார் ஒரு வேளையாவது சாப்பிடுங்கள், குழம்புகளை எல்லாம் கலந்து ஊற்றச் சொல்வது அங்கே வழக்கம், தயங்க வேண்டாம்.

ஐந்தாம் நாள் பட்டர்வொர்த்தில் இருந்து பாடாங் பெசார். மலேசியாவில் இருந்து வெளியேறுகிற முத்திரையும் தாய்லாந்தில் நுழைகிற முத்திரையும் அந்த ஒரே நிலையக் கட்டடத்துக்குள் குத்திவிடுகிறார்கள். வாழ்க்கையில் முதல் தடவை தரைவழியாக ஒரு நாட்டைத் தாண்டுவதற்கு இதைவிட எளிதான இடம் எனக்குத் தெரியாது. தாய்லாந்தில் மலேசியாவை விட மணி ஒரு மணி நேரம் பிந்தி ஓடுகிறது, ரயில் நேரத்தைப் பார்க்கும்போது எந்த நாட்டு நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், இங்கே வண்டியை விட்டவர்கள் நிறைய. தாய்லாந்துக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்ற சலுகை 2024 ஜூலையில் அறுபது நாளாக வந்தது, இந்த நாள் கணக்கை அவ்வப்போது மாற்றுவார்கள், டிக்கெட் எடுக்கும் வாரத்தில் தூதரகத் தளத்தைப் பார்த்துவிடுங்கள். அங்கிருந்து ஹாட்யாய் ஒரு மணி நேரம். அங்கே ஒரு ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் இரவு ரயிலில் இரண்டாம் வகுப்புப் படுக்கை எடுத்தால் விடிந்து பாங்காக், படுக்கையை விரித்துத் திரையும் கட்டித் தந்துவிடுவார்கள். நீளப் படுத்துத் தூங்கிக்கொண்டு பாங்காக் போய்ச் சேருகிறவனிடம், அரண்மனை வாசலில் ஒருவர் வந்து "இன்றைக்கு மூடியிருக்கிறது, வாருங்கள் வேறு கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன்" என்றால் பலிக்காது. அது பழைய வேலை, டுக்டுக்கில் ஏற்றி ரத்தினக் கடையில் கொண்டுபோய் விடுவார்கள். வாசல் வரை நீங்களே போய்ப் பாருங்கள், திறந்திருக்கும்.

புக்கிங் பற்றிக் கேட்டீர்கள். திருச்சி விமானம், கோலாலம்பூர் விடுதி, பினாங்கு விடுதி, பாடாங் பெசார் வரைக்குமான ரயில், ஹாட்யாய் – பாங்காக் இரவு ரயில், ஊர் திரும்புகிற விமானம், இவ்வளவுதான் இங்கிருந்தே. மற்றதை முன்கூட்டியே கட்டிவைத்தால் ஒரு நாள் வயிறு சரியில்லை என்றாலும் ஓடிக்கொண்டே இருக்கவேண்டி வரும். முதல் வாரத்தில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்காதீர்கள், பாஸ்போர்ட்டை அடமானமாக யாரிடமும் கொடுக்காதீர்கள். பயண இன்சூரன்ஸ் எடுத்துவிடுங்கள், நாற்பது நாளுக்கு ஆகிற தொகை ஒரு ஆஸ்பத்திரி ராத்திரிக்குக்கூடக் காணாது.

உங்கள் திட்டத்தில் மேற்கொண்டு இரண்டு திருத்தம். தாய்லாந்தும் கம்போடியாவும் 2025-ல் மோதிக்கொண்டதில் தரைவழி எல்லையை மூடிவிட்டார்கள், அந்த வழியை நம்பி நாள் குறிக்காதீர்கள். கம்போடியாவை விட்டுவிட்டு பாங்காக்கில் இருந்து நேராக வியட்நாமுக்கு விமானம் பாருங்கள், அங்கே இ-விசா 25 டாலர், தொண்ணூறு நாள் வரை தருகிறார்கள். சியாங் மாயைப் பாங்காக் போன கையோடு முடித்துவிடுங்கள். மாசி பிற்பாதியிலிருந்து சித்திரை வரை அந்தப் பக்கம் வயலையும் காட்டையும் எரிக்கிற புகை மூடிக்கொள்ளும், எதிரே நிற்கிற மலை தெரியாது.